தகுதியுள்ள நபர் யார்?

‘தகுதி’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கல்லூரிச் சேர்க்கையிலும் வேலைவாய்ப்பிலும் அந்தச் சொல்லை வைத்து நம்மை அளந்தவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். அதே சொல் இன்னோர் இடத்திலும் நூறு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோரால் வளர்க்க முடியாத நிலையில் இருக்கிற குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்று அரசு முடிவெடுக்கும்போது, அது தேடுவது ஒரு ‘தகுதியுள்ள நபரை’. 1920இல் சென்னை மாகாணம் இயற்றிய குழந்தைகள் சட்டம், குழந்தையை உறவினரிடமோ தகுதியுள்ள வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம் என்றது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்திலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

அந்தத் தகுதியை அளப்பது யார்? அளக்கும்போது குழந்தையின் பக்கம் நிற்பது யார்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் குழந்தைகளோடு வேலை செய்கிற நாங்கள், இந்த வேலைக்குத் தன்னார்வலராக வர நினைக்கும் மாணவர்களிடமும் இளம் தோழர்களிடமும் முதலில் பேச விரும்புவது இந்த இரண்டு கேள்விகளைத்தான். நல்ல மனதோடு வந்து, வரலாறு தெரியாததால் பழைய கொடுமைக்கே கைகொடுத்துவிடுகிற ஆபத்து இந்த வேலையில் உண்டு.

சீர்திருத்தம் என்ற பெயரில்

1871இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் என்று படித்திருக்கிறோம். அதில் குழந்தைகளைப் பற்றி என்ன இருந்தது என்று நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. 1897ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைக்க இடம் கொடுத்தது. 1911இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பிள்ளைகளைப் பிரித்துத் தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் அடைக்கும் அதிகாரமும் கூடவே வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதற்குள் சிக்கின. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அந்தப் பிள்ளைகளின் தாய் தகுதியற்றவள் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை. விசாரணையே தேவைப்படவில்லை. சாதியின் பெயரைச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

செங்கல்பட்டில் 1887இல் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று ஒரு மாகாணம் இயற்றிய சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. பெரியவர்களோடு சிறையில் கிடந்த பிள்ளைகளை வெளியே கொண்டுவந்த அளவில் அது முன்னேற்றம்தான். ஆனால் குற்றம் செய்த பிள்ளையும், பிச்சை எடுத்த பிள்ளையும், ஆதரவில்லாத பிள்ளையும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே மாதிரியான இல்லங்களுக்குப் போனார்கள். வறுமையைக் குற்றத்தின் பக்கத்து வீடாகப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்தே நம் அமைப்புகளில் தங்கிவிட்டது.

அந்தப் பழக்கம் போய்விட்டதா? 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். இல்லத்தின் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, இல்லங்களை எப்படிச் சீரமைப்பது என்று 2023இல் விரிவான அறிக்கை கொடுத்தது. அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கும் பிள்ளைக்கென்று வெளியிலிருந்து வந்து போகும் ஆள் ஒருவர் இருந்தால் பல கொடுமைகள் முதல் நாளிலேயே வெளியே தெரிந்துவிடும் என்பதை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் அறிவார்கள்.

நம் மக்கள் வளர்த்த பிள்ளைகள்

அரசு தகுதி தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் மக்கள் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கர்னல் ஆல்காட் அடையாறில் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளிகளின் முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதரின் பங்கை நாம் மறக்கக்கூடாது. சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அங்கே வந்த பிள்ளைகளுக்குப் படிப்போடு சோறும் தங்குமிடமும் தேவைப்பட்டன. சட்டத்தின் கண்ணில் இவர்கள் ‘தகுதியுள்ள நபர்கள்’ என்ற பட்டியலில் இருந்தார்களோ இல்லையோ, பிள்ளைகளுக்கு இவர்கள்தான் காப்பாளர்கள்.

இன்னும் சிறிய அளவில், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், ஒவ்வொரு காலனியிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. அம்மா இறந்தால் ஆயா வளர்ப்பார். அப்பா ஓடிப்போனால் பெரியம்மா வீட்டில் இன்னொரு தட்டு கூடும். இருவரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவார். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் ‘உறவினர் பராமரிப்பு’ என்று அழைப்பதை நாம் பெயர் வைக்காமலே செய்து வந்திருக்கிறோம். பெயரும் காகிதமும் இல்லாததால், அதிகாரி வந்து கேட்கும் நாளில் அந்த ஆயாவின் இருபது ஆண்டு உழைப்பு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. ஒற்றை அறை வீடு, தினக்கூலி, வயது அதிகம் என்று மூன்று வரிகளில் அவரது தகுதி எழுதி முடிக்கப்படுகிறது.

சியாட்டிலில் ஒரு நீதிபதி

குழந்தையின் பக்கம் நிற்பதற்கென்றே தன்னார்வலர்களை நியமிக்கும் முறை, இன்று உலகில் அதிகம் பேசப்படும் வடிவில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1977இல் தொடங்கியது. டேவிட் சூகப் என்ற நீதிபதி, கொடுமைக்கு உள்ளான குழந்தைகளின் வழக்குகளை விசாரித்தார். குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதா, வேறு குடும்பத்தில் வைப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அரசுத் துறையின் வாதம் கேட்டது, பெற்றோரின் வாதம் கேட்டது. குழந்தையைப் பற்றி மட்டும் போதுமான தகவல் இல்லை. ஒரு வழக்குக்கு ஒரு தன்னார்வலர், அவர் குழந்தையையும் வீட்டையும் பள்ளியையும் நேரில் பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்லட்டும் என்று அவர் யோசித்தார். இதைப் பேச ஒரு மதியக் கூட்டத்துக்கு அழைத்தபோது ஐம்பது பேர் வந்தார்கள். பின்னர் அது ‘காசா’ என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் பரவியது.

இதன் நல்ல அம்சம் எளிமையானது. நூறு கோப்புகளைச் சுமக்கும் அலுவலருக்கு ஒரு குழந்தையின் பெயர்கூட நினைவில் நிற்காது. ஒரே ஒரு குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலருக்கு அந்தக் குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது, தம்பி எந்த இல்லத்தில் இருக்கிறான், கண்ணாடி உடைந்து எத்தனை நாளாகிறது என்பது வரை தெரியும்.

ஆனால் அதே அமெரிக்காவிலிருந்து நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் இருக்கிறது. 1969இலும் 1974இலும் எடுக்கப்பட்ட ஆய்வுகள், பூர்வகுடிக் குழந்தைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் தங்கள் வீடுகளிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததைக் காட்டின. பெரும்பாலோர் பூர்வகுடி அல்லாத குடும்பங்களிலும் நிறுவனங்களிலும் வைக்கப்பட்டார்கள். பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போவதையே பல அதிகாரிகள் கைவிடுதல் என்று எழுதினார்கள். பூர்வகுடிகள் போராடியதன் விளைவாக 1978இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் உறவினர், அடுத்து அதே பழங்குடியினர், அதற்கடுத்து வேறு பூர்வகுடிக் குடும்பம் என்று அது வரிசை வகுத்தது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கறுப்பினக் குடும்பங்களை இந்த நல அமைப்பு எப்படிச் சிதைக்கிறது என்று சட்ட அறிஞர் டொரதி ராபர்ட்ஸ் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். வசதியான தெருவிலிருந்து வரும் தன்னார்வலரின் கண்ணுக்கு ஏழை வீடு ஆபத்தான வீடாகத் தெரியக்கூடும். நம் நாட்டில் அந்த இடைவெளியில் சாதியும் சேர்ந்துகொள்ளும்.

நம் சட்டத்தில் உள்ள கதவுகள்

இந்தியாவில் இந்தப் பாதையைத் திறந்ததில் ஒரு தனிமனிதரின் பங்கு பெரியது. பத்திரிகையாளர் ஷீலா பார்சே, சிறைகளில் அடைக்கப்பட்ட குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். குழந்தைகளைச் சிறையில் வைக்கக்கூடாது, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1986இல் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டில் முதல் இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகள் நலக்குழுவை உருவாக்கியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி, குடும்பமே முதல் வழி என்று கொள்கையாகவே எழுதியது. வளர்ப்புப் பராமரிப்பும் நிதி ஆதரவும் அதில் தனித்தனிப் பிரிவுகள்.

மாமல்லபுரம் பகுதியில் ஒரு காப்பகத்தில் குழந்தைகள் சுரண்டப்பட்ட செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய வழக்கில், 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாக் காப்பகங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், குழந்தைகளை இல்லங்களில் குவிப்பதற்குப் பதில் குடும்பம் சார்ந்த வழிகளைப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டின் பெயரிலேயே அந்த வழக்கு அறியப்படுகிறது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தச் சட்டங்களில் தன்னார்வலருக்கு இடம் எங்கே? நலக்குழு முன் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஆள் ஒருவரை நியமித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. ஆனால் கதவுகள் இருக்கின்றன. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் நலக்குழு முன் கொண்டுவரலாம் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் காவலரோடு சமூகப் பணியாளரும் பொதுநல நோக்குள்ள குடிமகனும் இருக்கிறார்கள். பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தைக்கு வழக்கு முடியும்வரை உடன் நிற்க ஆதரவு நபரை நியமிக்கப் போக்சோ விதிகள் 2020 வழி செய்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி எல்லாக் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் எல்லோருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர்களைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் சமூகப் பணியாளரின் உதவியைப் பெறுவது அவரது உரிமை என்கிறது.

நம் புறநகரின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. அவற்றை நம்பி வந்த மக்களில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் குடியிருப்புகளுக்குப் போனார்கள். கூலிகளாக நின்றவர்கள் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் தங்கினார்கள். பூந்தமல்லியைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகள். அங்கே ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள். செங்குன்றம் அரிசி ஆலைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர்கள். ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்தப் பகுதியில் வேலை செய்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லைக்கோடு. அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே இருக்கின்றன. 2022 முதல் மூன்றுக்கும் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் ஒன்றே. நலக்குழுவோ மாவட்டவாரியாகச் செயல்படுகிறது. ஆகவே ஒரே காவல் ஆணையரகத்தில் மீட்கப்பட்ட இரண்டு குழந்தைகள் இரண்டு மாவட்டக் குழுக்களின் முன் நிற்க நேரலாம். அக்கா ஒரு மாவட்டத்திலும் தம்பி இன்னொரு மாவட்டத்திலும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள, ஆரம்பத்திலேயே ஒருவர் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது, பணத்தின் கணக்கு. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் 2022 முதல் நிதி ஆதரவாகவோ வளர்ப்புப் பராமரிப்புக்காகவோ மாதம் 4,000 ரூபாய் தருகிறது. நிதி ஆதரவு பெறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் இருக்கக்கூடாது. நகரத்தில் மாதம் 8,000 ரூபாய். அம்பத்தூரில் ஒப்பந்தக் கூலியாகத் தினமும் வேலைக்குப் போகும் ஒரு தாயை இந்த வரம்பு வெளியே தள்ளிவிடும். சொந்தத் தாய்க்கு அந்த 4,000 ரூபாய் கிடைத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். அது கிடைக்காமல் பிள்ளை வேறொரு குடும்பத்துக்குப் போனால், அந்தக் குடும்பத்துக்கு அதே 4,000 கிடைக்கும். வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிப்பதற்குக் காரணமாக இருக்கக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்து விண்ணப்பம் எழுதுவதே ஒரு குழந்தையை இல்லத்துக்குப் போகாமல் தடுக்கலாம்.

மூன்றாவது, காலத்தின் கணக்கு. கைவிடப்பட்டதாகக் கருதப்படும் குழந்தையைத் தத்துக்குத் தயார் என்று அறிவிக்க, இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு மாதம், மேல் என்றால் நான்கு மாதம் சட்டம் கெடு வைக்கிறது. அதற்குள் பெற்றோரைத் தேட வேண்டும். சூளை வேலை முடிந்து ஒடிசாவுக்குத் திரும்பிய தாய்க்கு, தன்னைத் தேடி வந்த தமிழ்ச் செய்தித்தாள் விளம்பரம் எப்படித் தெரியும்? 2024இல் திருத்தப்பட்ட வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், தனிநபரும் குழந்தையை வளர்க்கலாம் என்று சொன்னது வரவேற்க வேண்டியது. தத்துக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்ட குழந்தையை வளர்ப்புப் பெற்றோர் தத்தெடுக்க இருந்த ஐந்து ஆண்டுக் காத்திருப்பும் இரண்டு ஆண்டாகக் குறைந்தது. குழந்தைக்கு நிலையான வீடு சீக்கிரம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் தாயைத் தேடும் வேலை அரைகுறையாக நடந்தால், இந்த வேகம் யாருக்கு எதிராகத் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்

தன்னார்வலராக ஒரு குழந்தையின் பக்கம் நிற்க வரும் தோழர், முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் குழந்தை ஏன் தன் வீட்டில் இருக்க முடியாது? வன்முறை காரணமா, வறுமை காரணமா? வன்முறை என்றால் தயங்கக்கூடாது. நம் சாதியாள் என்பதற்காக அடிக்கிற அப்பனைக் காப்பாற்றுவது அரசியல் ஆகாது. வறுமை என்றால், வீட்டுக்கு உதவி கேட்டுப் போராடுவதுதான் குழந்தைக்காக வாதாடுவது.

அடுத்து, உறவினரைத் தேடுங்கள். ஆயா, அத்தை, சித்தப்பா யாராவது வளர்க்கத் தயாராக இருந்தால் அவர்களைக் குழு முன் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களில் வர வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கையில் அவர்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றை அறை வீட்டின் அளவைப் போலவே, அந்த அறையில் குழந்தை யாரை ஒட்டிப் படுத்துத் தூங்குகிறது என்பதும் பதிவாக வேண்டும்.

சாதிச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்தெடுப்பு ஆகாது. குழந்தையின் பெற்றோரும் சாதியும் மாறுவதில்லை. இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் குழந்தைக்கு உரியவை. பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியரும் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியரும் தருகிறார்கள். உறவினர் உயிரோடும் தொடர்பிலும் இருக்கும்போதே வாங்காவிட்டால், பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளை எந்த ஆதாரத்தைக் காட்டும்? அதேபோல், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் வந்து பார்க்கக் குழு அனுமதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பேருந்துக் கட்டணம் இல்லாமல் ஒரு தாய் வராமல் போனால் அது ‘அக்கறையின்மை’ என்று கோப்பில் ஏறிவிடும். வராததன் காரணத்தைக் குழுவிடம் சொல்ல ஆள் வேண்டும்.

குழந்தையின் புகைப்படத்தையோ பெயரையோ கதையையோ எங்கும் பகிராதீர்கள். சட்டப்படி அது குற்றம். நம் அமைப்பின் துண்டறிக்கைக்கும் இது பொருந்தும். மூன்று மாதத்தில் அலுத்துப்போவோம் என்று தோன்றினால் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே பலர் விட்டுப்போன குழந்தைகள் இவர்கள்.

கடைசியாக, மேசையின் மறுபக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்னை மீனாம்பாள் சிவராஜ் சென்னையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தவர். நம் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது வெள்ளையர் காலத்திலேயே நடந்திருக்கிறது. இன்றைய நலக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது குழந்தைகள் விஷயத்தில் வல்லுநராகவும் இருக்க வேண்டும் என்கிற சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் ஒருவராவது வேண்டும் என்று சொல்லவில்லை. இதற்காகக் குரல் எழுப்ப வேண்டியது நம் இயக்கங்களின் கடமை. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. சட்டம் குறிப்பிடும் துறைகளில் ஒன்றில் பட்டம் பெற்று, குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணிகளில் ஏழு ஆண்டு உழைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். சமூகப் பணி, சமூகவியல், உளவியல், சட்டம் படித்துத் தொழில் செய்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இன்று சட்டத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கும் இருபத்திரண்டு வயது மாணவி, முப்பத்தைந்து வயதைக் கடந்ததும் அந்தக் குழுவில் அமரலாம். மகள் வயிற்றுப் பேத்திக்காக ஒரு ஆயா அந்த அறைக்குள் நுழையும்போது, அவரது தகுதியை எழுதும் பேனா அந்த மாணவியின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.